உருவிய உத்திரம்

ஹாக்கி மட்டையால் நான் அடித்த முதல் ஆள், எங்கள் முற்றத்தில் இறால் தலைகளைக் கொட்டியவன். பக்கத்து வீட்டு மொட்டைமாடியும் எங்கள் மொட்டைமாடியும் ஒட்டியவை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர்தான். படியேறி, சுவரைத் தாண்டி, அவன் காலி வாளியோடு திரும்புவதற்குள் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். எங்கே பட்டால் ஆள் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தான். அதற்குமேல் அடிக்கத் தேவையில்லை. ஆனாலும் இன்னும் இரண்டு வைத்தேன். கீழே கொடியில் காய்ந்த என் துணிகளெல்லாம் கவிச்சியில் ஊறிக் கிடந்தன.

"விட்ருங்க டீச்சர், விட்ருங்க! மொதலாளி சொல்லித்தான் கொட்டுனேன்" என்று காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

அந்த முதலாளியைப் பற்றியும், எங்கள் வீட்டைப் பற்றியும், என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனதைப் பற்றியும்தான் எழுதப் போகிறேன். என்னை ரவுடி என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்தார்கள்.

புதுக்கோட்டையில் வீடு என்றால் இரண்டே வகை. வீதிக்குள் இருக்கிற வீடு, வெளியே இருக்கிற வீடு. அரசர் காலத்தில் கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேர்நேராக ஓடுகிற வீதிகள் நாலு திசைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைத்துக்கொண்டு நிற்கின்றன. அதற்குள் ஒரு வீடு என்றால் கடை, கோயில், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் நடக்கிற தூரம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இலுப்பூர் ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் பிளாட் வாங்கினார்கள். வாசலில் நின்றால் நார்த்தாமலை தெரியும் என்று சொல்லி விற்ற நகரில் ஒரு டீச்சர் இடம் வாங்கி நாலு கல்லை நட்டுவிட்டு வந்தார். மலை தெரிந்தது. தண்ணீரைத்தான் காணோம்.

நாங்கள் அதுவரை வாடகை வீட்டில் இருந்தவர்கள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாத வீட்டில் சத்தம் இருக்காது, சுவரில் கிறுக்கல் இருக்காது என்று வீடு தருகிறவர்கள், அடுத்த வருஷமே ஏன் இன்னும் இல்லை என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். கடைசியாக இருந்த வீட்டில் அதைக் கேட்ட அம்மாவிடம் நான் கொஞ்சம் பச்சையாகவே பதில் சொல்லிவிட்டேன். மறுநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மாவின் மகன் பூட்டை உடைத்து எங்கள் பீரோவைத் தெருவில் கவிழ்த்துப் போட்டிருந்தான். என் பட்டுச்சேலை சாக்கடையில் கிடந்தது. மிக்ஸி மேல் ஒரு லாரி ஏறிப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தெருவில் நின்றுகொண்டே சொன்னேன், இனி ஒரு நாள்கூட இன்னொருத்தன் கூரையின் கீழ் படுக்க மாட்டேன் என்று.

என் நகை, அவருடைய பி.எஃப். கடன் எல்லாம் சேர்ந்து மேல நாலாம் வீதியில் ஒரு பழைய வீட்டின் பாதி ஆயிற்று. பாதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு காலத்தில் ஒரே பெரிய வீடு. அண்ணன் தம்பி பிரிந்தபோது கூடத்தின் நட்டநடுவில் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு சுவரை எழுப்பி இரண்டு வீடாக்கிவிட்டார்கள். கூரையை யாரும் தொடவில்லை. அதனால் தேக்கு உத்திரங்கள் எல்லாம் ஒரே மரமாக அந்தச் சுவருக்குள் புகுந்து அடுத்த பக்கம் போகும். எங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், பாதி உத்திரம் எங்களுடையது, மீதிப் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. எங்கள் வீதியில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு.

அதனால் அங்கே ஒரு வழக்கமும் உண்டு. ஒரு பக்கத்து வீட்டை இடித்தால் உத்திரத்தை இழுக்கக் கூடாது. சுவரை ஒட்டி அறுக்க வேண்டும். அறுத்த முனை சுவருக்குள்ளேயே இருக்கும். அடுத்த வீட்டுக் கூரை அசையாது. வீதியில் புதிதாகக் கட்டிய எந்த மாடி வீட்டுக்குப் பக்கத்திலும் பாருங்கள், பழைய சுவரில் கறுத்த மரமுனைகள் வரிசையாகத் தெரியும். எங்களுக்கு வீட்டை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது கிணற்றையும் மோட்டாரையும் காட்டிவிட்டு, "பக்கத்துல இடிச்சா அறுக்கச் சொல்லுங்க. உருவ மட்டும் விட்றாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். எதற்குமே அவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

அவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இலுப்பூரில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் பஸ் ஏறி வருவார். தெருநாய் எதிரே வந்தால் ஒதுங்குவது இவராகத்தான் இருக்கும். நான் கத்த ஆரம்பித்தால் போய் ஜன்னலைச் சாத்துவார். எனக்குப் பதில் சொல்ல அல்ல, பக்கத்தில் கேட்கக் கூடாது என்பதற்காக. பள்ளி மைதானத்தில் பேசிப் பழகிய தொண்டைக்கு அந்த ஜன்னல் எந்த மூலைக்கு? இருந்தாலும் சாத்துவார்.

பக்கத்துப் பாதியை மீமிசல் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கினார். இறால் பண்ணையில் சம்பாதித்த காசு. வீதிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய வீடுகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே கடை, மேலே வாடகைக்கு வீடுகள் என்பது அவர் கணக்கு. பாதி வீட்டின் அகலத்தில் கடை வைத்தால் இரண்டு பேர் ஒன்றாக நின்றாலே பக்கச் சுவர் இடிக்கும். அவருக்கு எங்கள் பாதியும் வேண்டியிருந்தது. முதல் தடவை வந்தபோது பழம், ஸ்வீட் எல்லாம் வாங்கிக்கொண்டு மரியாதையாகத்தான் வந்தார்.

"டீச்சர், நீங்க ஒரு வெல சொல்லுங்க. நான் கொறைச்சே பேச மாட்டேன்."

"விக்கிறதா இல்லைங்க."

"பழைய வீடு டீச்சர். மழை பேஞ்சா ஒழுகும். ஒங்களுக்கு வெளியில நல்லா காத்தோட்டமா, புதுசா வாங்கித் தாரேன்."

"ஒழுகுனா சட்டி வச்சுக்கிறோம். நீங்க ஸ்வீட்ட எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. போகும்போது இவர் தோளில் கை போட்டுக்கொண்டு வாசல்வரை போனார்.

அதற்குப் பிறகு வந்தது ஸ்வீட் இல்லை. பக்கத்து வீட்டில் ஆட்களைத் தங்கவைத்தார். அவர்கள் எங்கள் பக்கம் பார்த்து ஒன்றுக்கிருந்தார்கள். பொதுச் சுவரில் ஆணி அடிக்கிறேன் என்று பகல் முழுவதும் சுத்தியலால் அடித்தார்கள். ஒரு நாள் எங்கள் அடுப்படி அலமாரிக்குப் பின்னால் செங்கல் பெயர்ந்து, ஊறுகாய் ஜாடி உடைந்து, ஓட்டை வழியாக ஒரு கடப்பாரை முனை எட்டிப் பார்த்தது. நான் கொதிக்கிற உலைநீரை அந்த ஓட்டை வழியாக ஊற்றினேன். அந்தப் பக்கம் ஒருத்தன் அலறினான். எனக்கு ஆனந்தமாக இருந்தது. எழுதும்போதுகூட இருக்கிறது.

இறால் தலைகள் வந்தது அதற்கடுத்த வாரம். அவனை நான் அடித்ததில் அவனுக்குக் கால் எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கட்டுப் போட்ட காலோடு அவன், நடுவில் கையைக் கட்டிக்கொண்டு இறால்காரர். இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் இறால்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "டீச்சர், ஒங்களுக்குக் கை நீளம். சார் பாவம், தெனமும் பஸ்ல போய்ட்டு வர்றாரு."

அடுத்த நாள் மாலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த என் வீட்டுக்காரரை, பைக்கில் வந்த இரண்டு பேர் தள்ளிவிட்டுப் போனார்கள். முகம் தரையில் தேய்ந்து, சட்டை கிழிந்து, டிபன் டப்பா நசுங்கி வீட்டுக்கு வந்தார். நான் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் அவர் என்னை மறித்தது அதுதான் முதல் தடவை.

"வித்துருவோம். நான் சொல்றத ஒரு தடவ கேளு. வித்துருவோம்."

"இத வித்துட்டு? மறுபடியும் எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"எங்கிட்டாவது போவோம். உசுரோட போவோம். ஒண்ணு, நீ ஒருத்தனக் கொல்லுவ. இல்லன்னா ஒன்னைய ஒருத்தன் கொல்லுவான். எனக்கு ரெண்டும் வேணாம்."

"நீங்க பயந்தாங்கொள்ளிங்க. ஒங்களுக்கு வீடு ஒரு கேடா?"

சொன்னேன். நெற்றியில் ரத்தம் வழிய நின்ற மனிதரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நசுங்கிய டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க வெகுநேரம் முயன்றுகொண்டிருந்தார்.

நான் அசையவில்லை என்று தெரிந்ததும் இறால்காரர் தன் பாதியை இடிப்பது என்று முடிவு செய்தார். வீதியே என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஜேசிபி வரும் முன்பே எனக்குத் தெரியும், எல்லாம் அந்த உத்திரங்களில்தான் இருக்கிறது. அறுத்தால் எங்கள் வீடு நிற்கும். இழுத்தால் கூடம் இறங்கிவிடும், கூடம் இறங்கினால் அவர் சொல்கிற விலைக்கு நாங்கள் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நான் லீவு போட்டுவிட்டு வாசலில் உட்காருவதாக இருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் இறால்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பொட்டலம் முறுக்கு.

"பேசிட்டேன். அறுத்துத்தான் எடுப்பேன்னு சொல்லிட்டாரு. எங் கையப் பிடிச்சுக்கிட்டு, 'சார், எம் புள்ள மேல சத்தியம்'னாரு. மனுசங்கிட்ட மனுசனாப் பேசுனா கேப்பான். நீ மட்டையத் தூக்குனா அவனும் தூக்குவான்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. தானே ஒரு காரியத்தைச் சாதித்துவிட்ட பெருமை. முறுக்கை எடுத்து என் கையில் வைத்து, தின்னு தின்னு என்றார். தின்றேன்.

சொன்னபடிதான் ஆரம்பித்தார்கள். மேலே ஏறிச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சம்மட்டியால் உடைத்துத் தள்ளினார்கள். வீதி முழுக்கப் புழுதி. அப்புறம் அம்மணமாக நின்ற உத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் வாளால் அறுத்தார்கள். என் வீட்டுக்காரர் அறுக்கிறவர்களுக்குத் தானே டீ போட்டு எடுத்துக்கொண்டு போனார். "சுவர ஒட்டி, கொஞ்சம் தள்ளியே அறுங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி, அறுக்கிறவனே அலுத்துப்போய், "சரிங்க சார், ஒங்க வீடு பத்திரமா இருக்கும், நீங்க போயி ஒக்காருங்க" என்றான். நான் எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே இருக்கிற பாதி உத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அறுப்புக்கும் தூசி உதிர்ந்ததே தவிர, எதுவும் அசையவில்லை. சரி, இந்த மனிதர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் ஒரே ஒரு உத்திரம் மிச்சம். இருப்பதிலேயே தடித்தது, கூடத்தின் நடு உத்திரம். அதற்குள் ஏதோ பழைய இரும்புப் பட்டை இறங்கியிருந்ததால் வாள் இரண்டு முறை பல் உடைந்தது. அறுக்கிறவன் புதுவாள் வாங்க ஆள் அனுப்பியிருந்தான். அந்த நேரத்தில்தான் இறால்காரர் காரில் வந்து இறங்கினார். மறுநாள் விடியற்காலையில் அவருக்குப் பூமி பூஜை. ஐயருக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்கள் மீமிசலிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள், இடம் இன்னும் சுத்தமாகவில்லை. அவர் ஜேசிபி ஓட்டுகிறவனைப் பார்த்துக் கையை அசைத்தார்.

சங்கிலிச் சத்தம் கேட்டதும் நான் வெளியே ஓடினேன். உத்திரத்தின் முனையில் சங்கிலியைச் சுற்றி வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"எறங்குடா கீழ! அது ஒரே மரம்டா. இழுத்தா எங்க வீடு வந்துரும்."

ஓட்டுகிறவன் வெளியூர்ப் பையன். எஞ்சினை அணைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தான்.

"அந்தம்மாவ ஒதுக்குங்கடா" என்றார் இறால்காரர். இரண்டு பேர் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். ஒருத்தன் காலை மிதித்தேன். அவன் என் தலைமுடியைப் பிடித்துக் கீழே அழுத்தினான். அந்த நிலையில் எனக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரரின் கால்கள்தான். டீ டம்ளர்கள் வைத்த தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே" என்று அவர் குரல் கேட்டது. "அறுக்கிறேன்னு சொன்னீங்களே அண்ணே."

"அறுத்தாச்சு சார் எல்லாத்தையும். ஒண்ணுதானே? ஒண்ணுல ஒண்ணும் ஆகாது. இழுடா நீ."

இழுத்தான். முதல் இழுப்பில் சங்கிலி விறைத்தது. அடுத்த இழுப்பில் சுவரின் நடுவில் வயிறு மாதிரி ஒரு புடைப்பு வந்தது. அப்புறம் எங்கள் வீட்டுக்குள்ளே இருந்து ஒரு சத்தம். எங்கள் கூடத்துக் கூரை, முழுசாக, ஒரே மொத்தமாக உள்ளே இறங்கியது. வாசல் கதவு வழியாகப் புழுதி தெருவுக்குப் பாய்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதற்கடியில் இருந்தது. என்னைப் பிடித்திருந்தவர்களே பயந்துபோய்க் கையை விட்டுவிட்டார்கள்.

நான் இறால்காரர் மேல் பாய எழுந்தேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போய்விட்டார். டீ தட்டை அப்படியே அவர் முகத்தில் அடித்தார். கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தார். இதையெல்லாம் அவர் அவசரமே இல்லாமல் செய்ததுதான் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. இறால்காரர் கையைத் தூக்கித் தடுத்தார். அந்தக் கையில் விழுந்தது முதல் அடி. எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கீழே விழுந்த பிறகு தோளில் ஒன்று, தாடையில் ஒன்று. வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. ஆட்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஜேசிபிக்காரன் வண்டியிலிருந்து குதித்து அடுத்த வீதிக்கே போய்விட்டான். அடிக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ள மேல சத்தியம் பண்ணியேடா. புள்ள மேல சத்தியம் பண்ணியேடா."

நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் பிடிக்காமல் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அடுத்த அடி தலையில் விழப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பிடித்தேன். அவர் யாரென்று பார்க்காமல் முழங்கையை வீசினார். என் முன்பல் பாதி போயிற்று. நான் விடவில்லை. இரண்டு பேரும் அந்தச் செங்கல் குவியலிலேயே விழுந்தோம். அவர் என்னைப் பார்த்துவிட்டு, என் வாயில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கடப்பாரையைக் கீழே போட்டார்.

மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கொலை முயற்சி கேஸ். ரிமாண்ட். அரசாங்க வேலைக்காரர் ஜெயிலுக்குப் போனால் சஸ்பென்ஷன் தானாக வரும், வந்தது. நாங்கள் வீடு இடிந்ததற்குக் கொடுத்த புகாரை ஏதோ ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டார்கள். தெரியாமல் இழுத்துவிட்டோம், வெளியூர் ஆளுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது என்று அவர்கள் தரப்பு சொன்னது. எனக்கு அது பொய் என்று தெரியும். இரண்டு நாள் அறுத்தவனுக்கு ஏன் அறுக்கிறோம் என்று தெரியாதா?

நான் அடுப்படியில் படுத்துக்கொண்டேன். கூடம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மட்டையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன், யாரும் வரவில்லை. வந்தது எங்கள் வக்கீல்தான்.

"அடிபட்டவர் மனசு வச்சா கேஸ் நிக்காதும்மா. மரம் சரிஞ்சு விழுந்ததுல அடிபட்டேன்னு சொல்லத் தயாரா இருக்காரு. சாருக்கு வேலையும் திரும்பக் கெடைக்கும். ஆனா வீட்ட எழுதிக் கேக்குறாரு. சும்மா இல்ல, வெல குடுப்பாரு. இடிஞ்ச வீட்டு வெல."

நான் அவரை வாசலோடு போகச் சொன்னேன். பிறகு ஜெயிலில் மனுப் போட்டு என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். பக்கத்தில் வந்தவர்களெல்லாம் கத்திக் கத்திப் பேசியதால் நாங்களும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சத்தம் என்றால் ஜன்னலைச் சாத்துகிறவர் அங்கே கத்தினார்.

"கையெழுத்து கேட்டாய்ங்களா? போட்றாத."

"ஏங்க, நீங்கதானே வித்துரலாம்னீங்க?"

"அப்பச் சொன்னேன். இப்ப வேணாங்குறேன். அவன் பொய்ச் சத்தியம் பண்ணி வாங்கப் பாக்குறான். குடுக்காத. வேல போனாப் போகட்டும். எத்தன வருசமானாலும் இங்கிட்டுக் கெடந்துக்கிறேன். நீ அங்கிட்டு அடுப்படியில கெட. அந்த எடத்த விட்டு மட்டும் எந்திரிக்காத. கேட்டுச்சா?"

கேட்டது. ஆனால் நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. கழுத்தில் விரல் தடம். உள்ளே எவனோ கை வைத்திருக்கிறான். கேட்டதற்கு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகள் மைதானத்தில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்து சொல்கிற அதே பொய். வெளியே வந்து, வெயிலில் நின்றுகொண்டு, வக்கீலுக்குப் போன் போட்டேன்.

பத்திரப் பதிவு அன்று இறால்காரர் கையில் கட்டோடு வந்தார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. எழுதிக் கொடுக்கச் சம்மதம்தானா என்று என்னிடம் கேட்டார்கள். சம்மதம் என்றேன். அந்த ஆளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. அவர் தாடை இன்னும் ஒரு தரம் உடைந்தால்கூட எனக்குப் போதாது.

திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீடு பிடித்தேன். வீட்டுக்காரம்மா நான் குடிபோன அன்றே எங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் வெளியே வந்த அன்று ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோ நாலாம் வீதிக்குத் திரும்பாமல் நேராகப் போனபோது அவர் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். புது வீட்டில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேணாம்னேனே. ஏன் போட்ட?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தேங்க. நீங்க வேணும்னுதான் போட்டேன்."

"வித்துரலாம்னு கால்ல விழாத கொறையா கேட்டேன். கேக்கல. விக்காதன்னு கம்பிக்கு அங்கிட்டு நின்னு கத்துனேன். அப்பவும் கேக்கல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "எம் பேரும் அந்தப் பத்திரத்துல இருந்துச்சு. எங்கிட்ட ஜெயிலுக்குள்ளயே வந்து கையெழுத்து வாங்குனாய்ங்க. நீ போட்டுட்டன்னு சொன்னாய்ங்க, நானும் போட்டேன். எனக்குன்னு அந்த வீட்டுல ஒரு வார்த்த இருந்துச்சா? எப்பவாவது இருந்துச்சா?"

நான் எவனிடமும் பதில் இல்லாமல் நின்றவள் இல்லை. ஸ்டேஷனில் பேசியிருக்கிறேன், ஜேசிபிக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். அன்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். இந்த மனிதரை எவனெவனோ அடித்தான் என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அவரை அதிகம் அடித்தது நான்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே கழுவி வைத்தார். பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இன்றுவரை அங்கேதான் படுக்கிறார்.